வாசிக்கிறாள் என்று எழுதினேன்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியுமா, கூட்டிக் கழிக்கத் தெரியுமா என்று ஒவ்வொருவராகப் பார்த்து எழுதி அனுப்பச் சொல்லி உத்தரவு வந்த வருடம், எனக்கு எதுவுமே உறைக்காமல் இருந்த வருடம். வீட்டில் யாரும் சாகவில்லை. நோய்நொடி இல்லை. காலையில் எழுந்து சமைத்தேன், சிவகிரியில் பஸ் ஏறிச் சங்கரன்கோவிலில் இறங்கினேன், பள்ளியில் தமிழ் நடத்தினேன், சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பினேன். குழம்பில் உப்பில்லை என்று கணவர் சொன்ன பிறகுதான் உப்பில்லை என்பது எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் ஒரே வேலையைப் பார்த்தால் இப்படித்தான் மரத்துப்போகும் என்று கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி சொன்னாள். அவளும் ஏறக்குறைய அத்தனை வருடம் பார்த்தவள்தான். அவள் நன்றாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆகவே வேலையின் மேல் பழிபோட எனக்கு வழியில்லை.

அந்த உத்தரவைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நல்ல உத்தரவு. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும். எழுத்து, சொல், வாக்கியம், பத்தி என்று நான்கு படி. எந்தப் படி வரைக்கும் வருகிறாளோ அதற்கு நேரே டிக். கணக்கிலும் அப்படியே நான்கு படி. பத்தி வரைக்கும் வராதவர்களுக்குத் தனி அறை, மெல்லிசான தனிப் புத்தகம், தினமும் இரண்டு பாடவேளை முதல் எழுத்திலிருந்து பாடம். பரீட்சையிலும் அவர்களுக்குத் தனிக் கேள்வித்தாள். பத்தியைத் தாண்டியவர்கள் வழக்கமான பாடத்தைப் படிப்பார்கள், அவர்களை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? நடந்ததற்கு அந்தத் தாள் பொறுப்பில்லை.

எல்லோருக்கும் ஒரே பத்தியைக் கொடுக்கக் கூடாது, மாற்றி மாற்றிக் கொடுங்கள் என்று நான்கு பத்திகளும், ஆசிரியர்களுக்கு அறிவுரைத் தாள் ஒன்றும் அனுப்பியிருந்தார்கள். எங்கள் எச்.எம். அவற்றை ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்துவிட்ட நாள் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால். தேர் நோட்டீஸ், சப்பர நோட்டீஸ், அன்னதானச் சீட்டு என்று ஊரே ஜெராக்ஸ் கடையில் நின்றது. கடைக்காரர் இரண்டே இரண்டு அட்டைகளை லேமினேட் செய்து கொடுத்துவிட்டு, மற்றதெல்லாம் தபசு முடிந்துதான் என்று கையை விரித்துவிட்டார். ஒன்று, குளத்தைப் பற்றிய பத்தி. இன்னொன்று, ஆசிரியர்களுக்கான அறிவுரைகள். இரண்டும் ஒரே அளவு. இரண்டிலும் ஒரே மாதிரி எழுத்து.

“இத வச்சே முடிங்க டீச்சர், ஒரு பத்தியா இருந்தா என்ன, நாலா இருந்தா என்ன” என்றார் எச்.எம். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வாசிக்க வராதவங்க முப்பதத் தாண்டாமப் பாத்துக்கோங்க. தாண்டுச்சுன்னா மேல இருந்து வந்து உக்காந்துக்குவாங்க” என்றார். நான் தலையாட்டினேன். அந்த வருடம் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டினேன்.

வகுப்பறைக்குள் வெக்கை தாங்காது. ஆகவே எங்கள் பள்ளியில் தனியாகச் செய்ய வேண்டிய காரியங்கள் எல்லாம் வராந்தாவில்தான் நடக்கும். தடுப்பூசி, எடை பார்ப்பது, அழுகிற பிள்ளையை விசாரிப்பது, எல்லாம். அன்றைக்கும் வராந்தாக் கடைசியில் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்தேன். பிள்ளைகள் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். வரிசையின் தலை என் மேஜையிலிருந்து நான்கு எட்டு தூரம்கூட இல்லை.

முதலில் வந்தவள் நன்றாகப் படிக்கிற பிள்ளை. குளம் பத்தியை மணிமணியாக வாசித்தாள். “எங்கள் ஊரில் ஒரு குளம் இருக்கிறது. மழைக்காலத்தில் அது நிறைந்து வழியும். கரையில் மருத மரங்கள் நிற்கின்றன.” அடுத்தவளும் அதையே வாசித்தாள். அதற்கடுத்தவள் தடுமாறினாள், வரிசையில் நின்றவர்கள் கிசுகிசுத்து எடுத்துக்கொடுத்தார்கள். நான் அதட்டினேன். ஒரு மணி நேரத்தில் அந்தக் குளம் வரிசை முழுவதற்கும் மனப்பாடம் ஆகியிருக்கும் என்று எந்த ஆசிரியருக்கும் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. டிக் போட்டேன், அடுத்து என்றேன், டிக் போட்டேன். வராதவர்கள் பக்கத்தில் இருபத்தொன்பது சேர்ந்திருந்தது. மத்தியானம் நெருங்கியபோது ஆயா டீ கொண்டுவந்து வைத்தாள்.

அப்போதுதான் அவள் வந்தாள். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவள். அம்மா பூப்பறிக்கப் போகிறவர், விடிவதற்கு முன்னால் மகளையும் கூட்டிக்கொண்டு மல்லித் தோட்டத்தில் இறங்கிவிடுவார். மொட்டுக்கூடை சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் போன பிறகு, இவள் பள்ளிக்கு வருவாள். முதல் பாடவேளையில் கண் சொக்கும். மற்றபடி ஒரு தொந்தரவும் இல்லை. போர்டில் நான் எழுதி முடிப்பதற்குள் நோட்டில் எழுதி முடித்துவிடுவாள். உருண்டை உருண்டையான எழுத்து, அடித்தல் திருத்தல் கிடையாது. அவள் நோட்டில் எத்தனை தடவை ‘நன்று’ என்று போட்டிருப்பேனோ தெரியாது. அவளை எழுப்பி வாசிக்கச் சொன்னதாக மட்டும் எனக்கு ஞாபகமில்லை.

அட்டையை எடுத்து நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி மேஜையில் வைத்து, ஆள்காட்டி விரலை முதல் வரியில் ஊன்றினாள். “எங்கள் ஊரில் ஒரு குளம் இருக்கிறது” என்று ஆரம்பித்தாள். தெளிவான குரல். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். விரல் வரி வரியாக நகர்ந்தது, வரி முடிந்ததும் கீழே இறங்கி இடது ஓரத்துக்கு ஒழுங்காக வந்தது. நான் டீ கிளாஸைத் தூக்கினேன். கிளாஸின் அடியில் குளம் இருந்தது.

நான் அவளுக்குக் கொடுத்திருந்தது அறிவுரை அட்டை. “மீன்கொத்தி வந்து கிளையில் உட்காரும்” என்று அவள் வாய் சொன்னபோது, விரல் இருந்த வரியைத் தலைகீழாகவே என்னால் வாசிக்க முடிந்தது. ‘மாணவர் தடுமாறினால் ஆசிரியர் உதவக் கூடாது’ என்று இருந்தது. அவள் தடுமாறவே இல்லை. கடைசி வாக்கியம் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு, விரலை எடுத்து என்னைப் பார்த்தாள்.

அந்த இடத்தில் ஒரு தமிழாசிரியைக்கு என்ன ஆகியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நெஞ்சு பதறியிருக்க வேண்டும். ஒன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளை, இரண்டு வருடமாக என் வகுப்பில் இருக்கிற பிள்ளை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்டிக்காரி என்று நினைத்தேன், அவ்வளவுதான். மூன்று இலக்கக் கழித்தல் ஒன்றைச் சொன்னேன், பேப்பரைத் தொடாமலே விடை சொன்னாள். வகுத்தலும் சொன்னாள். கணக்கில் நான்கு டிக்கும் அவளே சம்பாதித்தது.

தமிழ்ப் பக்கம் வந்தேன். எழுத்துக்கு நேரே போட்டால் வராதவர்கள் முப்பது ஆகிவிடும். அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறேழு பேர் நின்றார்கள், அதில் வராத பிள்ளைகள் நிச்சயம் உண்டு. எச்.எம். சொன்னதற்குப் பயந்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். பயம்கூட இல்லை. மறுபடி அட்டையை மாற்றிக் கொடுத்து, எழுத்து எழுத்தாகக் கேட்டு, அவள் முகம் போகிற போக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்கு அலுப்பாக இருந்தது. பத்திக்கு நேரே டிக் போட்டேன்.

“பாஸா டீச்சர்?”

“பாஸ்.”

வராந்தாவில் ஓடக் கூடாது என்பதை மறந்து ஓடினாள். அவள் சிரித்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தபசு முடிந்து வந்ததும் பழைய லேப் அறையைக் கழுவிவிட்டுத் தனி வகுப்பை ஆரம்பித்தோம். அதையும் என் தலையிலேயே கட்டினார்கள். மற்றப் பிள்ளைகள் அந்த அறைக்கு ‘ஒண்ணாங்கிளாஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். உள்ளே வருகிறவர்கள் முதல் வாரம் தலையைத் தூக்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது. மெல்லிசுப் புத்தகம் நிஜமாகவே வேலை செய்தது. காலாண்டுப் பரீட்சைக்குள் பாதிப் பேர் வாக்கியத்துக்கு வந்துவிட்டார்கள். பனவடலிசத்திரத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளை, இனி பஸ் போர்டை யாரிடமும் கேட்க வேண்டாம் என்று என்னிடம் வந்து சொன்னது. அது சந்தோஷமான செய்தி என்று எனக்குத் தெரிந்தது. சந்தோஷம்தான் வரவில்லை.

காலாண்டு லீவு முடிந்த வாரத்தில் ஒரு நாள், லேப் அறை வாசலில் அவள் நின்றாள். உள்ளே இருந்தவர்கள் சொற்களைக் கூட்டிக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“என்னட்டி?” என்றேன்.

“டீச்சர், நானும் இங்கன உக்காரட்டா?”

“நீ எதுக்கு இங்கன? நீதான் பாஸ் ஆயிட்டியே.”

அவள் காலால் தரையைத் தேய்த்தாள். “சும்மா உக்காந்து கேக்கேன் டீச்சர். பொஸ்தகம் வேண்டாம்.”

பதினான்கு வயதுப் பிள்ளை, மற்றவர்கள் கேலி செய்கிற அறைக்குள் தானாக வந்து உட்கார இடம் கேட்கிறது. அதற்கு எவ்வளவு யோசித்திருக்க வேண்டும், எத்தனை நாள் வாசல் வரைக்கும் வந்து திரும்பியிருக்க வேண்டும். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு, “லிஸ்ட்ல உன் பேரு இல்லயே மக்கா. கிளாஸுக்குப் போ” என்றேன். போய்விட்டாள். மறுபடி கேட்கவில்லை.

ஒரு பேச்சுக்கு எச்.எம்.மிடம் சொல்லிப் பார்த்தேன். “கம்ப்யூட்டர்ல ஏத்துன டிக்க இப்ப மாத்த முடியாது. லிஸ்ட்ல இல்லாத பிள்ளைய உக்கார வச்சா, அன்னைக்கு ஏன் பத்தின்னு போட்டீங்கன்னு உங்களத்தான் கேப்பாங்க, டீச்சர்” என்றார். நியாயம்தான். அதைச் சாக்காக எடுத்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்திருந்தால் எந்த லிஸ்டும் தடுத்திருக்காது. அந்த அரை மணி நேரத்தில் நான் ஸ்டாஃப் ரூம் மேஜையில் தலையைக் கவிழ்த்துத் தூங்கினேன். தூக்கம் வராத நாளிலும் கவிழ்ந்துதான் கிடந்தேன்.

அடுத்த வருடம் எல்லோரும் பத்தாம் வகுப்புக்குப் போனார்கள், வகுப்பாசிரியராக நானும் கூடப் போனேன். லேப் அறைப் பிள்ளைகளில் அநேகம் பேர் தட்டுத் தடுமாறியாவது பாடப் புத்தகத்தை வாசித்தார்கள். அவள் எப்போதும்போல எழுதினாள். அரையாண்டுத் தமிழ்ப் பேப்பர் கட்டைத் திருத்தியபோது அவளுடையது வந்தது. ஒன்றாம் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரைக்கும் எல்லாவற்றையும் அப்படியே திருப்பி எழுதியிருந்தாள். கேள்விக்குறி உட்பட. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே கோடு போட்டு, எண்ணை வட்டமிட்டிருந்தாள். பதில் என்று ஒரு வரி இல்லை. கேள்வியைத் திருப்பி எழுதினால் மார்க் இல்லை என்பது விதி. பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த பேப்பரை எடுத்தேன்.

அரையாண்டு லீவு முடிந்து அவள் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தோம், இரண்டு வாரம் பார்த்தோம். வராத பிள்ளையின் வீட்டுக்கு வகுப்பாசிரியர் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பதால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் டவுன் பஸ்ஸில் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வண்டிப் பாதையில் நடந்தால் கரிசல் காடு, நடுநடுவே கிணற்றுத் தண்ணீர் பாய்கிற மல்லித் தோட்டங்கள். வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். என்னைக் கண்டதும் அவள் எழுந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். முழங்கைக்கு மேல் கம்பால் அடித்த தடிப்பு சிவந்து கிடந்தது.

“வாங்க டீச்சர். உக்காருங்க” என்று அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “நல்லவேள வந்தீக. இவ பள்ளிக்கூடம் போமாட்டேங்கா. நானும் நயமாச் சொன்னேன், பயமாச் சொன்னேன், அடிச்சும் பாத்துட்டேன். என்ன சொல்லுதா தெரியுமா? எனக்கு எழுத்தே தெரியாதும்மாங்கா. பத்தாங்கிளாஸ் படிக்கிற கழுத சொல்லுத பேச்சா இது?”

நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

“பூப்பறிக்கக் கூட வாரேன், பள்ளிக்கூடம் மட்டும் வேண்டாங்கா. சோம்பேறித்தனம். எனக்குத்தான் படிப்பில்ல, கைநாட்டு. ஆனா என்னய ஏமாத்த முடியுமா டீச்சர்? அத்தாட்சி வச்சிருக்கேன்லா” என்று உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. ரேஷன் கார்டு, ஆதார் கார்டு எல்லாம் இருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

அந்தத் தேர்வு முடிந்ததும் பெற்றோர்களுக்கு என்று ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தோம். அறுபதுக்கு மேல் தாள்களில் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டேன். அதை யாராவது வைத்திருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. மடிப்பு கலையாமல், ஒரு கறை இல்லாமல் இருந்தது.

“வாசிங்க டீச்சர். அவளுக்குக் கேக்க வாசிங்க. நீங்க வாசிச்சாத்தான் புத்தி வரும்.”

வாசித்தேன். ‘தங்கள் மகள் தமிழில் பத்தியைச் சரளமாகவும் பிழையின்றியும் வாசிக்கிறார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’ குரல் ஒரே சீராகத்தான் வந்தது. கீழே வகுப்பாசிரியர் என்ற இடத்தில் என் கையெழுத்து, பக்கத்தில் பள்ளி முத்திரை.

“கேட்டியாட்டி?” என்றார் அம்மா. “டீச்சர் வாயாலயே வந்துட்டுல்லா? இன்னும் என்ன?”

தாளைத் தாழ்த்தினேன். ஒன்றரை வருடமாக எங்கோ தூரத்தில் இருந்த ஒன்று அப்போது கிட்டே வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் காது சூடாகி, நாக்கு ஒட்டிக்கொள்கிற வெட்கம். சொன்னேன். “அவ சொல்லுதது நெசம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் நான் இதுல எழுதுனேன். பொய்யா எழுதிட்டேன். தப்பு என் மேலதான், அவள அடிக்காதீங்க. திங்கக்கிழமைல இருந்து நானே தனியா உக்கார வச்சுச் சொல்லிக்குடுக்கேன்.”

அம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். முத்திரை இருந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு சிரித்துவிட்டார்.

“நல்ல மனசு டீச்சர் உங்களுக்கு. அடி வாங்குதாளேன்னு பாவம் பாத்து அவளுக்காகப் பொய் சொல்லுதீக. எனக்குத் தெரியாதா?” என்று தாளை என் கையிலிருந்து வாங்கி உறைக்குள் வைத்தார். “கவுருமெண்டுச் சீல் போட்டதப் போயிப் பொய்யிம்பாகளா யாராச்சும்? இருங்க, டீ போடுதேன்.”

“இல்லம்மா, நெசமாத்தான் சொல்லுதேன்” என்றேன். அவர் அடுப்படிக்குள் போய்விட்டார். அங்கிருந்தே, “திங்கக்கெழம அவள நானே கொண்டாந்து விடுதேன் டீச்சர், வரலன்னா காலை ஒடிச்சிருவேன்” என்று சத்தமாகச் சொன்னார்.

நிலைப்படியில் நின்றவள் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

“நானும் இப்பிடித்தான் டீச்சர், எத்தனயோ தடவ சொல்லிட்டேன்” என்றாள்.